திராட்சை மிதிப்பவரின் பாதங்கள்

போன மே விடுமுறையில் நன்றாகத் தூங்க வேண்டும் என்றிருந்தேன். உறையூர்ப் பள்ளி ஒன்றில் நான் ஓவிய ஆசிரியை, வீடு ஸ்ரீரங்கத்தில். மன்னார்புரம் பக்கம் ஒரு மாதா கோயிலில் பங்குத்தந்தையாக இருக்கும் என் பழைய மாணவர், சுவரோவியம் ஒன்றைச் சரிசெய்து தரக் கேட்டார். மறுக்க முடியவில்லை.

படத்தில் ஒருவர் கல்தொட்டிக்குள் தனியாக நின்று திராட்சை மிதிக்கிறார். சுவரில் ஈரம் ஏறி, முழங்காலுக்குக் கீழே எல்லாம் பொரிந்து உதிர்ந்திருந்தது. பாதங்கள் எப்படி இருந்தன என்று யாருக்கும் நினைவில்லை. போட்டோவும் இல்லை.

அது யார் என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். இயேசுதான் என்றார். நசுங்கினால்தான் பழம் ரசமாகும், அவர் பட்ட பாடும் அப்படித்தான் என்று காட்டவே பழைய ஓவியர்கள் இப்படி வரைந்தார்களாம். சில படங்களில் மிதிப்பவரும் அவரே, மிதிபடுபவரும் அவரே. பெருமாள் திருவடியைச் சேவித்து வளர்ந்தவள் நான். கடவுளின் கால் என்றால் தாமரை என்றே கை பழகியிருந்தது.

மூன்று நாள் தாமரைப் பாதங்களை வரைந்து வரைந்து அழித்தேன். அந்தக் கால்கள் எதையும் மிதிக்கவில்லை. நான்காம் நாள் அலுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்தேன். இருபத்தெட்டு வருடம் வகுப்பில் நின்ற கால்கள். நரம்பு சுருண்டு, கணுக்கால் வீங்கி. அவற்றையே வரைந்தேன். தொட்டிக்குள் அவர் நிஜமாகவே நின்றார்.

மறுநாள் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையினர் வந்தார்கள். ஆண்டவருக்கு இப்படிக் கால் இருந்தால் ஜனங்கள் சங்கடப்படுவார்கள் என்றார் ஒருவர். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். எனக்கு வாதாடத் தெம்பில்லை. கணுக்காலுக்கு மேல் வரை ரசம் தேங்கியிருப்பதுபோலக் கருஞ்சிவப்பைப் பூசினேன். பத்து நிமிட வேலை.

அவர்கள் போனபின், கோயிலைக் கூட்டும் அக்கா வந்து நின்றார்.

"காலை ஏன் டீச்சர் மறைச்சிட்டீங்க? சாமிக்கும் என் கால் மாதிரியே இருக்குன்னு நேத்து வீட்ல போய்ச் சொன்னேன்."

"நல்லா இல்லைன்னு சொல்றாங்க."

அவர் கூட்டத் தொடங்கினார். பூச்சு இன்னும் காயவில்லை. ஈரத்துணியை எடுத்து ஒரு காலை மட்டும் துடைத்தேன். நரம்பும் வீக்கமும் மறுபடி தெரிந்தன. இன்னொன்றைத் துடைக்கக் கை எழவில்லை.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பங்குத்தந்தை இதுவரை அந்த ஒற்றைக் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.