திருப்பிப் போட்ட பலகை

பரகாத்தின் கை உளிக்குப் பழகிய கை; வாய்தான் எதற்கும் பழகவில்லை. கெய்ரோவில் பெரிய மனிதர் யார் கண்ணை மூடினாலும், அடக்கம் செய்த கபர் மேல் வைக்கும் மரப்பெட்டிக்கு அவனுக்குத்தான் ஆள் வரும். கொடியும் இலையுமாய் இழைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். அந்த ஊரில் நல்ல மரம் கிடையாது, தேக்கு கப்பலேறி வர வேண்டும். அதனால் பட்டறையில் பழைய பலகையைக்கூட விட மாட்டார்கள். செதுக்கிய பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டு, முதுகில் புதிதாய்ச் செதுக்குவார்கள். அவனும் எத்தனையோ பலகைகளைத் திருப்பியிருக்கிறான். யார் வீட்டுப் பலகை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மகள் தாவூஸ் காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஏழு வயது. அவள் கல்யாணத்துக்குச் சீர்ப்பெட்டி செய்யவென்று கொஞ்சம் தேக்கு சேர்த்து வைத்திருந்தான். அது கபர்ப் பெட்டியானது. கபரில் உயிருள்ள எதன் உருவமும் கூடாதுதான். ஆனாலும் தலைமாட்டுப் பலகையில், ஒரு இலைக்கடியில், யார் கண்ணிலும் படாதபடி ஒரு புறாவை ஒளித்து வைத்தான். மாடிப் புறாக்களுக்கு இரை போடாமல் அந்தப் பெண் சாப்பிட உட்காராது.

பெட்டியை வைத்துவிட்டு வந்தவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. போகத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மனைவி ஸுதைதாதான் துளசியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் வந்தாள். அவள் தம்பி ஹிலால் அங்கே கபர்ஸ்தான் காவல்காரன். வாரம் தவறாமல் அக்கா வீட்டில் அவரைக் குழம்பு சாப்பிட வருவான்.

"கவலைப்படாதீங்க மச்சான். நேத்துகூடப் பெட்டியைத் துடைச்சேன். வெச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்பான். பரகாத் தன் தட்டிலிருந்து இன்னொரு கரண்டி எடுத்து அவனுக்கு வைப்பான்.

இப்படியே சில வருஷம் ஓடிற்று. ஓர் அமீர் இறந்தார். பட்டறைத் தலைவர் மவாஹிப் பழைய பலகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மூன்றாவது பலகையைத் திருப்பிய பரகாத்தின் கை அப்படியே நின்றது. இலைக்கடியில் புறா இருந்தது.

"இது எங்கே வாங்கினீங்க?"

"சந்தையிலதான். ஏன்?"

"இது என் பலகை. எனக்கு வேணும்."

"அமீர் வீட்டு ஆளு வந்து அளந்து எண்ணிட்டுப் போன மரம்பா. ஒண்ணு குறைஞ்சாலும் என் தோலை உரிச்சிருவான். வெட்டின பலகைக்குச் சொந்தக்காரன் கெடையாதுன்னு நீதானே சொல்லுவே?"

சொன்னவன்தான். உளியைக் கீழே வைத்துவிட்டு நேரே கபர்ஸ்தானுக்கு நடந்தான். ஹிலால் நிழலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தான். மகள் இருந்த இடத்தில் வெறும் மண்மேடுதான் இருந்தது.

"எங்கடா பெட்டி?"

ஹிலால் வெங்காயத்தை முழுங்கினான். "மச்சான், நான் விக்காட்டி எவனாவது ராத்திரியில பேத்து அடுப்புல வெச்சிருப்பான். மரம்னா இந்த ஊர்ல சும்மா விடுவானுங்களா?"

"அதுக்கு நீ முந்திக்கிட்டே."

"நீங்கதான் எட்டிக்கூடப் பாக்கலியே" என்றான் அவன், குற்றம் என்னவோ இவனுடையது போல. அந்தக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். பரகாத்துக்குக் கை எழவில்லை. இத்தனை வருஷம் ஹிலாலின் தட்டில் தான் வைத்த குழம்பை நினைத்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான்.

வழியில்தான் அவனுக்கு உறைத்தது. வெள்ளிதோறும் போனவள் ஸுதைதா அல்லவா? வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டி வெச்ச அடுத்த மாசமே."

"அப்புறம் வாராவாரம் போய் என்ன பண்ணினே?"

"மண்ணைத் தடவிக் குடுத்துட்டு வருவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா அவனைக் காஜிகிட்ட இழுத்திருப்பீங்க. அவனும் போயிட்டா எனக்குன்னு யாருங்க இருக்கா?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கணக்கில் தான் இல்லை என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஹிலால் திருடியதைவிட அது அதிகமாய் வலித்தது.

அமீரின் பெட்டியை அவன்தான் முடித்தான். வேறொருவன் உளி அந்தப் பலகையில் படுவதை அவனால் சகிக்க முடியவில்லை. முதுகில் அமீரின் பட்டங்களைச் செதுக்கினான். செதுக்கும்போது அடியில் பழந்துணியை மெத்தையாய்க் கொடுத்தான், புறா நசுங்காமல் இருக்க. பிறகு தன் கையாலேயே அதை உள்பக்கம் பார்க்கத் தலைமாட்டுச் சட்டத்தில் இறக்கி மூடினான்.

ஹிலால் இப்போது வீட்டுப் படி ஏறுவதில்லை. ஸுதைதாவின் வெள்ளிக்கிழமைக் கூடையில் துளசிக்கு அடியில் குழம்புச் சட்டி போகிறது. பரகாத்துக்கு அது தெரியும். அவனும் அவளோடு புறப்படுகிறான். நகர வாசலைத் தாண்டியதும் பாதை பிரியும் இடத்தில் அவள் மண்மேட்டுக்குப் போய்விடுவாள். அவன் அமீரின் கும்மட்டச் சமாதிக்குள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வான்.

அமீர் மேல் இந்தத் தச்சனுக்கு இவ்வளவு பாசமா என்று அங்கே குர்ஆன் ஓதுகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ரொட்டி பங்கிடும்போது அவனுக்கும் ஒன்று தருகிறார்கள். அவன் அதை வெளியே எடுத்துப் போய்ப் பிய்த்துப் புறாக்களுக்குப் போடுகிறான்.