எடுத்துக் கொடுத்த குரல்

தென்னாப்பிரிக்காவில், எங்கள் போர்ட் எலிசபெத் ஊரில், வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைக்கும் நொபந்து இல்லாமல் எந்தச் சவ ஊர்வலமும் நகராது. "அமாண்ட்லா!" என்று அவள் எடுத்துக் கொடுத்தால், "அவேத்து!" என்று ஊரே முடிக்கும். அதிகாரம் நமதே என்று பொருள்.

1986இல், போலீஸ் சுட்டுக் கொன்ற மாணவனை அடக்கம் செய்யப் போனோம். இடுகாட்டு வாசலில் துப்பாக்கிகள் எங்களைக் குறிபார்த்து நின்றன. முழக்கம் எடுப்பவருக்குச் சிறையாம். நொபந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி ஒலிபெருக்கியில் உத்தரவை வாசித்தான்: "தடை செய்யப்பட்ட முழக்கம், அமாண்ட்லா."

"அவேத்து!" என்று ஆயிரம் பேர் முழங்கினோம். பழக்கதோஷம்.

அவன் நொபந்துவின் மேல் பாய்ந்தான். "யாருடீ எடுத்துக் குடுத்தது?"

"நீங்கதான் ஐயா! விலங்க உங்க கையிலயே மாட்டிக்குங்க."