கப்பல் ரொட்டி

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்வது என் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்லுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'வருந்துகிறோம்' என்கிறேனோ, எனக்கே தெரியாது. உண்மையில் ஒரு தடவைகூட வருந்தியதில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. வண்டி ரத்தான ஒரு நாளில் பெரியவர் ஒருவர் கூண்டுக்கே வந்து, "நீங்க மனச விட்டுடாதீங்க சார், நான் நாளைக்குப் போய்க்கிறேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். குரல் அப்படி. கடவுள் எனக்கு மற்றதையெல்லாம் கையை இறுக்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, மிச்சமிருந்ததை மொத்தமாகத் தொண்டையில் கொட்டிவிட்டார்.

இந்தத் தொண்டையை நம்பி நான் சமையலறைக்குள் நுழைந்தது என் மனைவி தலைமை நர்ஸ் ஆன வருஷம். எனக்கு விடிகாலை முறை, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் வேலை நேரம் மாறி, வீடு திரும்பும்போது இருட்டிவிடும். ஒரு நாள் ஊசி போடுகிற அதே முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, இனிமே சாயங்கால சமையல் நீங்க பாத்துக்குங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கும் கல்யாணத்தப்போ ஒண்ணும் தெரியாது. யாராவது கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். மறுநாள் உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். அடுப்பில் ஏற்றிவிட்டு நாற்காலியில் சற்றே சாய்ந்தவன், எழுந்து வருவதற்குள் தண்ணீர் எங்கேயோ போய்விட்டது. கரண்டியைச் செங்குத்தாக நட்டால் அசையாமல் நின்றது. கல்லூரியிலிருந்து பசியோடு வந்த மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது சாப்பிடறதுக்கா, சுவத்துல பூசறதுக்கா?"

அப்போதுதான் தொண்டை கைகொடுத்தது. "இது சிப்பாய் சூப்மா" என்றேன். பனி மலையில் காவல் நிற்கும் வீரர்களுக்கு இப்படித்தான் கெட்டியாக வைப்பார்கள், கரண்டி நட்டு நின்றால்தான் தளபதி அந்தப் பானையை முகாமுக்குள் விடுவார், நிற்காவிட்டால் சமையல்காரனைப் பனியில் நிறுத்திவிடுவார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மகள் தன் கரண்டியை நட்டுப் பார்த்தாள். நின்றது. யோசித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தாள், அப்புறம் தட்டைக் காலி செய்துவிட்டாள். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி.

கதை கேட்கும்போது நாக்கு கொஞ்சம் அசந்துவிடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வேறு ஒருவனாக இருந்தால் மறுநாளிலிருந்து சமையலைக் கற்றுக்கொண்டிருப்பான். நான் கதைகளை மெருகேற்றத் தொடங்கினேன். கருகிய முட்டைப் பொரியலுக்கு ஒரு கரி இன்ஜின் டிரைவர் கிடைத்தார். கேக் நடுவில் பள்ளமானபோது, பாவப்பட்ட ஒரு மணப்பெண் வந்து அந்தப் பள்ளத்தில் ஜாமை ஊற்றி மாமியாரின் மனதை வென்றாள். எங்கள் வீட்டில் உப்பு குறைந்த நாளில்கூட யாராவது ஒரு ராஜாவுக்கு வைத்தியர் உப்பைத் தடை செய்திருப்பார்.

கேக் செய்யும் அளவுக்கு நான் துணிந்ததற்கு மச்சான்தான் காரணம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், குளியலறைக் குழாய்கள் விற்கும் கம்பெனியில் மேலாளர், எதையும் நம்புகிற மனுஷன். அவர் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஓவனைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இடத்தை அடைத்தார். அதற்குப் பெயர் பரிசு. அவர் மனம் கோணக்கூடாது என்று அதில் ரொட்டி சுட்டேன். வெந்நீர் என்றால் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்று நினைத்து ஈஸ்டை அதில் போட்டுக் கொன்றுவிட்டது எனக்கு அப்போது தெரியாது. மாவு உப்பவேயில்லை. களைத்துப் போயிருக்கிறது, உள்ளே போனால் தெம்பு வரும் என்று ஓவனுக்குள் தள்ளினேன். வெளியே வந்தது ரொட்டியின் நிறத்தில் ஒரு செங்கல்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். உரிமையோடு ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"பாத்து மச்சான், இது கப்பல் ரொட்டி" என்றேன். "எங்க பெரியப்பா கப்பல்ல சமையல்காரரா இருந்தாரில்ல, அவரு செய்யறது. மாசக்கணக்கா கடல்ல கெடாம இருக்கணுமே. புயல்ல மூட்டை மூட்டையா எல்லாம் நனைஞ்சு போனப்போ இது மட்டும்தான் நின்னுச்சு. சூப்ல ஊறவச்சு சாப்பிட்டே எல்லாரும் உயிரோட கரை சேந்தாங்க."

மச்சான் சூப்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. பரவசமா பல்வலியா, தெரியவில்லை.

என் பெரியப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வரி அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறினாலே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மச்சான் அவரை எங்கள் கல்யாணத்தில் ஒரு முறை பார்த்ததோடு சரி. என் மனைவிக்கு உண்மை தெரியும். மச்சான் போனதும், "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவன் முதல் தடவையா ஒருத்தர் பேசறத முழுசா கேட்டிருக்கான்" என்றாள்.

மச்சான் கேட்டதோடு நிற்கவில்லை. கம்பெனியில் சொன்னார், குழாய் வாங்க வந்தவர்களிடம் சொன்னார். சொல்லச் சொல்ல பெரியப்பாவுக்குப் பதவி உயர்ந்தது. சமையல்காரர் தலைமைச் சமையல்காரராகி, சில மாதங்களில் கேப்டனே ஆகிவிட்டார். நான் மறுக்கவில்லை. உயிரோடு இருந்தபோது பெரியப்பாவுக்கு வராத பதவி உயர்வு இப்போது வருவதைத் தடுக்க நான் யார்?

மச்சானின் ஆட்கள் கப்பல் ரொட்டி கேட்டு அனுப்பினார்கள். நானும் சுட்டுச் சுட்டுக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் ஆறிப்போனதைக் கவனிக்காமல் ஈஸ்டைக் கலந்துவிட்டேன். மாவு பொங்கி எழுந்தது. தங்க நிறத்தில், தொட்டால் அமுங்கும் ரொட்டி, வீடெல்லாம் மணம். வாங்கிப்போக வந்த மச்சான் அதை அழுத்திப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, கை தவறிடுச்சா?"

என் வாழ்க்கையிலேயே உருப்படியாக வந்த ஒரே ரொட்டிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனைவியும் மகளும் அதைச் சமையலறையில் நின்றபடியே, வெண்ணெய் தடவி, ஒரு வார்த்தை பேசாமல் தின்று தீர்த்தார்கள். எனக்கு ஓரத்துத் துண்டு கிடைத்தது.

இதற்கிடையே எங்கள் தெரு முனை நூலகத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடு ஆனது. வீட்டில் செய்த பண்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பின்னால் இருக்கும் கதையைச் சொல்ல வேண்டும். மச்சான் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். கோபப்படுவது போல நடித்தேன். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, ஓடுகிறவர்களின் முதுகைப் பார்த்துப் பேசியவன் நான். உட்கார்ந்திருக்கிற மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் வாசிப்பு அறையின் நீள மேசையில் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு வங்கிக் காவலாளி ஆரஞ்சு கேக்கோடு வந்தார். "என் பொண்ணுக்குப் பிடிக்கும். அவ வெளியூர் போயிட்டா. அதனால ஞாயித்துக்கிழமை செஞ்சு அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாவம், பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தவன் நான்.

என் முறை வந்தது. நூலகர் மைக்கை நீட்டினார். நான் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தேன். நங்கூரம் தூக்கினேன். அலை அடித்தது, பாய்மரம் முறிந்தது, மாலுமிகள் அழுதார்கள். பெரியப்பா, இப்போது முழுக் கேப்டன், ரொட்டியைக் கையில் எடுத்தார். முன் வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் கதவு திறந்தது. மச்சான் உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தவர் என் பெரியம்மா. கேப்டனின் சம்சாரம்.

பெரியப்பாவை ஏற்றிய கப்பலில் என் மானமும் ஏறியாயிற்று. இரண்டு நாள் அடிக்க வேண்டிய புயலை ஒரே வாக்கியத்தில் நிறுத்தி, எல்லோரையும் அவசர அவசரமாகக் கரையிறக்கிவிட்டு, "நன்றி" என்று மைக்கை வைத்தேன். மச்சான் விடவில்லை.

"கேப்டனோட வீட்டுக்காரம்மாவையே கூட்டிட்டு வந்திருக்கேன். அவங்க ரெண்டு வார்த்தை பேசட்டும்."

பெரியம்மா மைக்கைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"வாசல்லேயே கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். இவன் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

வாசலுக்கு எத்தனை நாற்காலிகளைத் தாண்ட வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டேன்.

"பாய்மரம் முறியல. முறிஞ்சிருந்தா எப்படித் திரும்பி வருவாங்க? சாஞ்சுதான் போச்சு. எங்க வீட்டுக்காரரு கயித்தப் போட்டு இழுத்துக் கட்டினாரு. அப்புறம் ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு துண்டு ரொட்டியக் குடுத்து, 'கடிங்கடா, கடிக்க முடியற வரைக்கும் நாம உயிரோட இருக்கோம்'னாரு. எனக்கும் ஒரு துண்டு சட்டைப் பையில வச்சு எடுத்துட்டு வந்தாரு. இன்னும் வச்சிருக்கேன். கடிக்கறதுக்குத்தான் பல்லு இல்ல."

சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாக எழுந்தன. கைக்குட்டை அம்மா எழுந்தே நின்றுவிட்டார். கப்பலைக் கட்டியவன் நான் என்பது மறந்துபோய் நானும் கைதட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் பெரியம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து டீ கொடுத்தேன். "பெரியம்மா, அது வந்து..." என்று இழுத்தேன். பேருந்து நிலையமே அசரும் குரல் காற்றாகத்தான் வந்தது.

"உன் மச்சான் கார்லயே எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றார். "முதல்ல யாரச் சொல்றாருன்னே புரியல. அப்புறம் பாத்தா எங்க வீட்டுக்காரரு. கதை நல்லா இருக்கேன்னு கேட்டுக்கிட்டே வந்தேன்."

"கோபமில்லையா?"

"எதுக்குடா? அவரு போனப்புறம் அவரப்பத்தி யாரு பேசறாங்க? ஆபீஸ் போனாரு, வந்தாருன்னா அதுல பேச என்ன இருக்கு. இன்னைக்கு ஒரு ரூம் நெறைய ஆளுங்க அவருக்குக் கை தட்டினாங்க. ஆனா ஏண்டா, பெத்த பிள்ள மாதிரி உன்னை வச்சிருந்தவர மொதல்ல சமையல்காரரா ஆக்கினியாமே? எடுத்த எடுப்புலயே கேப்டன் ஆக்கினா என்ன?"

டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"நெஜமாவே ஒண்ணு செய்வாரு. கல்யாணமான புதுசுல எனக்கு டைஃபாய்டு. அடுப்பு பக்கமே போகாதவரு, பாலக் காய்ச்சி, ரொட்டியப் பிச்சுப் போட்டு, சக்கரை தூவி எடுத்துட்டு வருவாரு. தெனமும் அதேதான், வேற எதுவும் அவருக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்து நான் முழுங்கறதயே பாத்துட்டு இருப்பாரு. காய்ச்சல் விட்டப்புறமும் கொஞ்ச நாள் நான் எந்திரிக்கல. அதுக்காகவே படுத்திருந்தேன்."

"இத ஏன் பெரியம்மா மைக்ல சொல்லல?"

"இத ஏன் சொல்லணும்?" என்றார் பெரியம்மா. "கப்பல் அவங்களுக்கு. இது எனக்கு."

வங்கிக் காவலாளி மேசையில் தன் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கேக்கில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. என் ரொட்டி முழுதாக இருந்தது. மரியாதைக்குக்கூட யாரும் கை வைத்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நூலகர் ஃபோன் செய்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு என்னை அழைக்கத்தான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றேன்.

"சார், உங்க பெரியம்மா நம்பர் கிடைக்குமா?"

இப்போது மாதம் தவறாமல் பெரியம்மா நூலகத்தில் பேசுகிறார். மச்சான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார், அவர் சொல்வதை ஒன்று விடாமல் நம்புகிறார். அறிவிப்புப் பலகையில் பெரியம்மாவின் பெயர் பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் 'பண்டம் உபயம்' என்று போட்டு என்னையும் சேர்த்திருப்பார்கள். கதைக்கு ஏற்ற பண்டத்தை அவர் சொல்லிவிடுவார், நான் செய்து கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். வீட்டிலும் கதை விடுவது குறைந்துவிட்டது. தொழில் கைமாறிவிட்டதே.

போன வாரம் பெரியம்மா கூப்பிட்டார். "இந்த மாசம் அவரு விமானம் ஓட்டறாரு. லேசா, காத்தாட்டம் இருக்கிற மாதிரி ஏதாவது செய்டா. உன் ரொட்டி மாதிரி இருந்தா விமானம் கெளம்பாது."

அதனால் இந்த ஒரு வாரமாக முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து நுரைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. நேற்று மாவை ஓவனில் வைத்துவிட்டு, மகளும் நானும் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழக்கதோஷத்தில் ஏதோ ஒரு கதைக்கு வாயெடுத்தேன்.

"பேசாம இருங்கப்பா" என்றாள் மகள். "இப்பத்தான் கொஞ்சம் மேல வருது."