பாதி மரத்தில் தபசு

துலுக்கானம் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது கரையான்சாவடிக்கு வாக்கப்பட்டு வந்த அன்றைக்கு. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மாமியார் பொன்னம்மாள், "துலுக்கானத்துக்கு எட்து வச்சிட்டு மிச்சத்த பொண்ணுக்குப் போடு" என்றார். அண்டாவில் பாதி அங்கே போனது. மிச்சம் எனக்கு வந்தது.

அவர் என் மாமனாருக்குத் தம்பி, எனக்குச் சின்ன மாமனார். இது நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது, சீனாக்காரன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம். திரௌபதை அம்மன் திருவிழாவில் அர்ஜுனன் தபசுக்குப் பனைமரம் நட்டு, கட்டை அடித்து, உச்சிவரை ஏறுவார்கள் இல்லையா, அந்த முறை எங்கள் வீட்டுக்கு. மாமனாருக்கு முட்டி போய்விட்டதால் அந்த வருஷம் தம்பி ஏற வேண்டும். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசாவிட்டால் முறை பங்காளி வரதன் வீட்டுக்குப் போய்விடும்.

ஆள் அப்போது முருங்கைக்காய் மாதிரி. குஸ்தி வாத்தியார் லோகநாதனிடம் போய்ச் சேர்ந்தார். கர்லாக்கட்டை சுற்றினார், தண்டால் எடுத்தார், கல் தூக்கினார். முட்டையும் கறியும் தின்னச் சொன்னார் வாத்தியார். ஆனால் தபசு ஏறுகிறவன் ஒரு மண்டலம் கவுச்சி தொடக் கூடாது. பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. ஒரு வேளை என்றுதான் கட்டளை. எவ்வளவு என்று அம்மன் சொல்லவில்லை. விரதக்காரனுக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே இலைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். பூங்காவனம் அத்தை வெண்பொங்கல், எல்லம்மா பெரியம்மா சர்க்கரைப் பொங்கல், மற்றவர்கள் வெறும் சோறாவது.

கை திரண்டது. மார் அகன்றது. வயிறும் சும்மா இருக்கவில்லை.

"டேய், கையி தேர்வடமாட்டம் கீது. வவுறு தேராட்டம் கீதே! சோத்தக் கொறடா" என்றார் வாத்தியார்.

"வேணான்னா அம்மனுக்கு ஆவாதாம், வாத்தியாரே."

"மரம் ஏறப்போறது அம்மனா, நீயா?"

மாமியார் உள்ளேயிருந்து, "கண்ணு வெக்காத வாத்தியாரே, அத்தினியும் சத்து!" என்றார்.

திருவிழாப் பகலில் பாதி மரம் கடகடவென்று ஏறிவிட்டார். அதற்குமேல் வயிறு அவரை மரத்தை விட்டு வெளியே தள்ளியது. அடுத்த கட்டை கைக்கு எட்டவில்லை. கூத்துக்காரர் பாட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினார். பிடித்த பிடியை மட்டும் அந்தக் கை விடவில்லை.

கீழே நின்ற வரதன், "இன்னா அண்ணாத்தே, தபசா, பலாப்பழமா? கனிஞ்சா சொல்லு, பறிச்சிக்கிறோம்!" என்றார்.

"எறங்காதப்பா, மூச்சப் புடிச்சி ஏறு!" என்று மாமியார் கத்தினார்.

"மூச்சுக்கு எங்க அண்ணி எடம் வச்சீங்கோ?" என்று மேலிருந்து பதில் வந்தது.

கடைசியில் அங்கிருந்தே பழங்களை வீசினார். பிள்ளை வரத்துக்கு மடியேந்தி நின்ற பெண்களுக்கு ஒரு பழமும் நசுங்காமல் கிடைத்ததில் ஏக சந்தோஷம். பூசாரி ஒப்பவில்லை. பாதி மரம் தபசாகாது என்றார். முறை வரதன் வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டில் மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நடந்தது.

மறுவருஷம் வரதன் உச்சிக்குப் போனார். சின்ன மாமனாரை ஊரே பிடித்துப் பகாசூரனுக்குப் போகும் சோற்று வண்டியில் பீமனாக ஏற்றி உட்காரவைத்தது. இருபது வருஷம் அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை.

இப்போது வேலப்பன்சாவடியில் மகள் வசந்தா வீட்டில் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது.