டிமிட்ரியின் பெயர்நாளுக்குச் சொல்லாமல் போனது

எனக்கும் கிரேக்கன் டிமிட்ரிக்கும் விம்பிள்டனில் ஒரே பேக்கரியில் எட்டு வருட வேலை. ஒவ்வொரு ஒக்டோபர் கடைசியிலும் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். என்ன குற்றம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். மாவோடு மட்டும் கதைப்பான். இந்த வருடம், 2009இல்தான், அவன் மனைவி எலேனி விஷயத்தை உடைத்தாள். 26ஆம் திகதி டிமிட்ரி என்ற புனிதரின் நாள். அந்தப் பெயர்க்காரருக்கெல்லாம் அன்று பெருநாள். பிறந்தநாள்கூட அதற்கு அடுத்தபடிதான். யாரையும் அழைக்க மாட்டார்களாம். கதவு திறந்திருக்கும், வேண்டியவன் வருவானாம். எட்டு வருடமாக நான் போகவில்லை. டிசம்பரில் அவர்கள் தங்கள் ஊருக்கே திரும்பிப் போகிறார்கள், இதுதான் கடைசி.

மனிசியிடம் சொன்னேன்.

"சொல்லாத வீட்டிலை போய்க் கை நனைக்கிறதோ? என்ரை தம்பி வீட்டுக்கே நான் அப்பிடிப் போறேல்லை."

"உன்ரை தம்பி தேத்தண்ணியோடை அனுப்பிவிடுவான். இவன் சோறு போடுவான், வா."

காலை ஷிப்ட் முடிந்து, மோர்டனில் இரண்டு மணிக்கு ஏறினோம். ஸ்டொக்வெல், ஃபின்ஸ்பரி பார்க் என்று இரண்டு மாற்றம்; இரண்டிலும் எதிர்ப்பக்கத்திலேயே அடுத்த ரயில், படி ஏறத் தேவையில்லை. வுட் கிரீன் வரை ஒரு மணித்தியாலம், ஒய்ஸ்டர் பயண அட்டையில் 2.20 பவுண். பிறகு 329 பஸ், ஒரு பவுண். பாமர்ஸ் கிரீனுக்குப் பதினைந்து நிமிடம் என்றார்கள், எங்களுக்கு முப்பத்தைந்து. மனிசியின் முணுமுணுப்பு இலவசம்.

கதவு உண்மையாகவே திறந்து கிடந்தது, அந்தக் குளிரில், ஹீட்டர் ஓட ஓட! உள்ளே முப்பது பேர். சைப்பிரஸ் கிரேக்கரும் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கிக்காரரும் ஒருவர் பேச்சை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு, நாங்களும் இந்தியத் தமிழரும் மாதிரி.

"வழி கண்டுபிடிக்க எட்டு வருசமா?" என்று டிமிட்ரி ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் எவனும் வருவான்."

எனக்குப் பொல்லாத கோபம். இதையாவது முதல் வருடமே சொல்லித் தொலைத்திருக்கலாம். திட்ட வாயெடுப்பதற்குள் கட்டிப் பிடித்து அழுதுவிட்டான், என் தோள் ஈரமானது.

எலேனி மனிசியின் கையில் சீனிப்பாகில் ஊறிய செர்ரியைக் கரண்டியோடு திணித்தாள். மறுத்தால் இன்னொரு தட்டு வரும்.

"என்னப்பா, கை நனைச்சாச்சோ?" என்று மனிசியைக் கேட்டேன்.

"கரண்டியாலைதானே சாப்பிடுறன். பேசாமல் இருங்கோ."

கிரேக்க நண்பர் இருந்தால் அவர் பெயருக்குரிய நாளை இன்றே கேட்டு வையுங்கள். அழைப்புக்குக் காத்திருந்தால் என் கதிதான். நாலு மணிக்கு முன் ரயிலேறுங்கள், கட்டணம் குறைவு. ஒரு பெட்டி இனிப்புப் போதும். மத்தியானம் சாப்பிடாதீர்கள்.

டிசம்பரில் ஹீத்ரோவுக்கு வழியனுப்ப வா என்று டிமிட்ரி சொல்லவில்லை. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.