பெட்டிக்குள் ஒரு வட்டகொடைக்காரர்

மியூசியத்தின் நிலவறையில் அன்றைக்கு இருந்தவர்கள்: எலும்புகளுக்குப் பொறுப்பான பேராசிரியை. இலங்கையிலிருந்து வந்த அதிகாரி. தரை துடைக்கிற நான். அட்டைப் பெட்டிக்குள் ஒரு மண்டை ஓடு.

ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம். இங்கே எலும்புக்குக்கூட ஈரம் படாமல் தனி அறை. ஊரில் தேயிலைத் தோட்டத்து எங்கள் லயத்து வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறது.

பெட்டிமேல் 'வட்டகொடை' என்று இருந்ததால்தான் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். என் ஊர். அந்தக் காலத்தில் ஒரு ஜெர்மன் டாக்டர் அங்கே போய், தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, தலையையும் மூக்கையும் இடுக்கியால் அளந்து, தோல் நிறத்தை வண்ணச் சில்லுகளோடு ஒப்பிட்டு, எந்த இனம் மேல், எது கீழ் என்று எழுதினாராம். உயிரோடு இருந்தவர்கள் போதவில்லை. தேயிலைக்கு நடுவே ஒரு புதைகுழியையும் தோண்டி இந்தத் தலையை எடுத்துவிட்டார்.

"அதெல்லாம் தவறு. தலை அளவை வைத்து மேல், கீழ் சொல்ல முடியாது" என்றார் பேராசிரியை.

"அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன்.

"யாரிடம்?"

அதிகாரி சிங்களத்தில் சொன்னார், இது இந்தியாக்கார ஆள்தானே என்று. மியூசியத்தில் இந்தியப் பக்கம் ஏற்கெனவே கேட்டார்களாம். இலங்கையில் எடுத்தது, அங்கேயே கேளுங்கள் என்று பதில். என் அப்பாவுக்கும் இதே கதைதான். குடியுரிமைக் காகிதம் கைக்கு வந்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

வெளியே போய்த் தம்பிக்குப் போன் போட்டேன்.

"கொண்டாந்துருங்கண்ணே. அப்பாவுக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

"தோட்டத்துத் தொர விடுவாரா?"

"செக்ரோல் பதிவுல பேரு இருக்கான்னு கேப்பாரு. இருந்துச்சுன்னா நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுவாரு!" சிரித்தான். பிறகு கேட்டான். "அளந்தவன் பேர எழுதாமயாண்ணே விட்டுருப்பான்?"

திரும்பி வந்து பெட்டியோடு இருந்த டாக்டரின் காகிதத்தைப் பார்த்தேன். தலை நீளம் இருந்தது. அகலம் இருந்தது. மூக்குத் துளை இருந்தது. பேர் இல்லை.

அதிகாரி போய்விட்டார். பெட்டி பழைய அலமாரித் தட்டுக்கே போகும் என்றார் பேராசிரியை.

அப்பா செத்தபோது என்னால் போக முடியவில்லை. தம்பி அவர் நெற்றியில் காசு வைத்ததைப் போனில்தான் பார்த்தேன். எங்கள் ஆட்களில் எவ்வளவு இல்லாதவருக்கும் அந்த ஒரு காசு உண்டு. சட்டைப் பையைத் தடவினேன். ஊர்க்காசு இல்லை. இந்த நாட்டுக் காசுதான் இருந்தது. பரவாயில்லை என்று எடுத்தேன்.

"கையுறை போடுங்கள்" என்றார் பேராசிரியை.

போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தேன். காசு வைக்கிற இடத்தில் கறுப்பு மையால் எழுதியிருந்தது.

1163.