கைக்குட்டையில் முடிந்த தாலி

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவைக்கு முந்தின வாரம், ஈப்போ மருத்துவமனையில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கண்ணு முழிச்ச உடனே கண்ணாடியும் காது மெஷினும் போட்டு விட்ருங்க லா. வயசானவங்களுக்கு ஒன்னும் தெரியாம, கேக்காம இருந்தா கொழம்பிப் போயிருவாங்க."

நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அறுவை அன்று நகை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றார்கள். தாலிக்கொடியைக் கழற்ற அம்மா விடவே இல்லை. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போன காலத்தில்கூட அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. கடைசியில் அப்பாதான் சமாதானம் சொல்லிக் கழற்றினார். பதிலுக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிவிடலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனையில் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் கொடி, கண்ணாடி, காது மெஷின் மூன்றையும் ஒரே கைக்குட்டையில் முடிந்து, லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வந்தேன். பெரிய கெட்டிக்காரி!

மத்தியானம் வார்டில் அம்மா கண் விழித்தார். கை நேராகக் கழுத்துக்குப் போனது. தடவித் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே!"

மாரில் அடித்துக்கொண்டு அழுதார். காலைத் தூக்கிக் கீழே வைக்கப் பார்த்தார். மிஸ்ஸிகள் ஓடிவந்து பிடித்தார்கள். அப்பா கட்டிலை ஒட்டி நின்று கத்தினார்.

"இந்தா, இங்கதான நிக்கிறேன். என்னையப் பாரு!"

அம்மாவுக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. அப்பா பிடித்த கையை உதறிவிட்டார். உயிரோடு நிற்கிற மனிதருக்கு எதிரிலேயே அவருக்காக ஒப்பாரி. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

லகாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மெஷினையும் கண்ணாடியையும் மாட்டி, கொடியைக் கழுத்தில் போட்டேன். அழுகை நின்றது. குழப்பம் முழுதாகத் தெளிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம் என்றார் மிஸ்ஸி.

அம்மா தாலியைக் கையில் இறுக்கிக்கொண்டு அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு இருக்காரா, போயிட்டாரா? இந்தப் புள்ள ஒன்னும் சொல்ல மாட்டேங்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இருக்காரும்மா," என்றார் அப்பா. "இப்ப வந்துருவாரு."